மல்லிகாவுக்கு, மகளின் கல்லூரி பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்.

மகள் வேதியியல் படிக்க இங்கே அமெரிக்காவுக்கு வர நினைப்பதும், அவளுடைய பட்டியலில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள், அதாவது கலையும் அறிவியலும் சேர்த்துப் பெரும்பாலும் இளங்கலை மட்டுமே சொல்லித்தரும் சின்னக் கல்லூரிகள், இருப்பதும் எனக்கு ரொம்ப சந்தோஷம். "இரண்டாயிரம் பேர்கூட இல்லாத காலேஜில் என்ன பெரிய சயின்ஸ் இருந்துவிடப் போகிறது?" என்று உன் வீட்டுக்காரர் கேட்கிறாராம். கேட்க வேண்டிய கேள்விதான். அவரிடம் இதைச் சொல்: 1989-இல் வேதியியல் நோபல் வாங்கிய தாமஸ் செக் இளங்கலை படித்தது அயோவாவில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் கிரின்னல் கல்லூரியில். பின்னாளில் அவரிடம் ஆராய்ச்சி செய்து, 2020-இல் தானும் நோபல் வாங்கிய ஜெனிஃபர் டௌட்னா படித்தது கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில்.

இந்த இரண்டு கல்லூரிகளிலும் பிஎச்.டி. மாணவர்களே கிடையாது. விஷயமே அதில்தான் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது போன்ற பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வேதியியலுக்கு ஒரே அரங்கில் முந்நூறு பேர் உட்காருவார்கள். ஆய்வக வகுப்பைப் பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்கள் நடத்துவார்கள். பேராசிரியரின் ஆய்வகத்தில் அவர்கள் போக மிச்சமிருக்கும் நேரம்தான் இளங்கலைப் பிள்ளைகளுக்கு. சின்னக் கல்லூரியில் பேராசிரியருக்கு ஆராய்ச்சி ஓட வேண்டுமென்றால் இந்தப் பிள்ளைகளை விட்டால் ஆள் இல்லை. இரண்டாம் ஆண்டிலேயே, மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்எம்ஆர் கருவியில் தன் சாம்பிளைத் தானே வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

ஒரு முறை ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் இருக்கும் ரீட் கல்லூரிக்குப் போயிருந்தேன். அதுவும் இப்படிப்பட்ட சின்னக் கல்லூரிதான். அங்கே 1968 முதல் ஒரு சிறிய ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது. அதை இயக்குவது இளங்கலை மாணவர்கள்; அரசாங்கத் தேர்வெழுதி உரிமம் வாங்கியவர்கள். கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் தண்ணீருக்கு அடியில் நீல ஒளி. அன்று எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெண் இலக்கிய மாணவி! அங்கே எந்தத் துறை மாணவரானாலும் கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுதாமல் பட்டம் வாங்க முடியாது.

ஆனால் இதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது. மூன்றாம் ஆண்டிலேயே முதுகலைப் பாடங்களை எடுக்கத் துடிக்கிற பிள்ளைக்குப் பெரிய பல்கலைக்கழகம்தான் சரி. சின்னத் துறைகளில் சில உயர்நிலைப் பாடங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடக்கும். பாடப் பட்டியலில் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் உண்மையில் நடந்த வகுப்புகளின் அட்டவணையைத் தேடிப் பார்க்கச் சொல்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கோடைக்கால இளங்கலை ஆராய்ச்சித் திட்டங்களின் உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும்தான். அதனால் கோடை ஆராய்ச்சிக்குக் கல்லூரியே சொந்தப் பணம் தருமா, அது வெளிநாட்டு மாணவருக்கும் உண்டா என்று துறைக்கு நேராக மின்னஞ்சல் போட்டுக் கேட்க வேண்டும். தரவரிசையைவிட எனக்கு இந்தப் பதில்தான் முக்கியம்.

அப்புறம் பணம். ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்ற மிகச் சில கல்லூரிகள்தான் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் குடும்பத்தின் வசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கின்றன. மற்ற இடங்களில் விண்ணப்பிக்கும்போதே பண உதவி கேட்டால் இடம் கிடைப்பது கடினமாகும். அதற்காகக் கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. பல கல்லூரிகளில் பிறகு கேட்டாலும் தரமாட்டார்கள்.

அவளுடைய பட்டியலை எனக்கு அனுப்பச் சொல். வருடத்துக்கு உங்களால் எவ்வளவு முடியும் என்பதையும் மறைக்காமல் எழுது. சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் நேரத்துக்கு அவளை என்னோடு பேசச் சொல், நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
வசந்தி