எண்பது டாலரும் நூற்றைம்பது ஜிபியும்: கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி கதிருக்கு,

கேம் விலை எழுபது டாலரைத் தாண்டி எண்பதுக்குப் போகிறதே என்று கொதித்து எழுதியிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில், கன்சோலில் (டிவியோடு இணைத்து ஆடும் கேம் கருவி) இடம் தீர்ந்துவிட்டது, 2 டிபி, அதாவது சுமார் 2,000 ஜிபி, எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்புக் கருவி) வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். முதலாவது உனக்கு அநியாயம். இரண்டாவது வெறும் சில்லறைச் செலவு. அங்கேதான் எனக்கு உன்னோடு வழக்கு. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள்.

போட்டுப் பார்ப்போம். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் கன்சோல்கள் வெளியானபோது அதற்கான 1 டிபி விரிவாக்க கார்டின் விலை 219.99 டாலர். அதாவது ஒரு ஜிபிக்கு ஏறத்தாழ 22 சென்ட். 2023-இல் 69.99 டாலருக்கு வந்த 'ஸ்டார்ஃபீல்டு' சுமார் 125 ஜிபி பிடிக்கும். அந்த இடத்தின் மதிப்பு 27 டாலருக்கு மேல். ஆக அது உட்கார்ந்திருக்கும்வரை உனக்கு ஆகும் செலவு 97 டாலர். இப்போது 2025-இல் எல்லோரும் திட்டித் தீர்த்த 'மரியோ கார்ட் வேர்ல்டு'. விலை 79.99. அளவு 25 ஜிபிக்குள். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கான 256 ஜிபி மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு 60 டாலர் என்று வைத்தால், இடத்துக்கு 6 டாலர்கூட ஆகாது. மொத்தம் 86. விலைச்சீட்டில் பத்து டாலர் அதிகமான கேம், இடத்தையும் சேர்த்தால் பத்து டாலருக்கு மேல் மலிவு.

இடத்தை ஒருமுறை வாங்கினால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமே என்பாய். சரிதான். அது வாடகை மாதிரி. கேம் உள்ளே இருக்கும் நாள்களுக்கு மட்டும்தான் ஓடும். ஆனால் ஆடி முடித்த கேமை எட்டு மாதம் அப்படியே வைத்துக்கொண்டு, புதியதற்கு இடமில்லை என்று எஸ்எஸ்டி வாங்கப் போகிறவன் அந்த வாடகையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. கேம் விலை முன்பு குறைவாக இருந்தது, இப்போதுதான் ஏறியது என்பது உண்மையில்லை. 1990-களில் கார்ட்ரிட்ஜ் கேம்கள் 60, 70 டாலருக்கு விற்றன, சில அதற்கும் மேல். காரணம் கார்ட்ரிட்ஜுக்குள் கேமைப் பதித்து வைத்திருந்த ரோம் சிப். பெரிய கேமுக்குப் பெரிய சிப், அதற்கேற்ற விலை. சோனியின் முதல் பிளேஸ்டேஷன் சிடியோடு வந்ததும் விலை 40, 50 டாலருக்கு இறங்கியது. அன்றைக்கு இடத்தின் செலவு பதிப்பாளரின் தலையில் இருந்தது, அதனால் அது விலையிலேயே தெரிந்தது. இன்றைக்கு அந்தச் செலவு உன் கன்சோலுக்குள் வந்துவிட்டது, அதனால் கண்ணில் படுவதில்லை. எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) காலத்தில் 59.99 என்று நிலைபெற்ற விலை 2020 வரை அசையவில்லை. 'என்பிஏ 2கே21' புதிய கன்சோல்களுக்கு 69.99 என்று வந்தபோதுதான் உடைந்தது. தயாரிப்புச் செலவு கூடிவிட்டது என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் டிஸ்க், பெட்டி, லாரி எதுவும் இல்லாத டிஜிட்டல் பிரதிக்கும் அதே விலை ஏன் என்பதற்கு நேரான பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

வாங்குபவர்கள் சத்தம் போட்டால் எதுவும் மாறாது என்பதும் சரியில்லை. 2025-இல் மைக்ரோசாஃப்ட் 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2'-க்கு 79.99 என்று அறிவித்துவிட்டு, வெளியீட்டுக்கு முன்பே 69.99-க்கு இறங்கி வந்தது. அதே ஆண்டில் 'கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' 49.99-க்கும், 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 19.99-க்கும் வந்தன.

இப்போது இடத்தின் கதை. கேம் ஏன் இப்படி வீங்குகிறது? 4கே டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்), பல மொழிக் குரல் பதிவுகள் என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, யாரும் குறைக்க மெனக்கெடவில்லை என்பது. 2014-இல் 'டைட்டன்ஃபால்' கணினிப் பதிப்பு 48 ஜிபி. அதில் 35 ஜிபி சுருக்கப்படாத ஒலி. பலவீனமான கணினிகளுக்கு ஒலியை விரிக்கும் வேலை மிச்சமாகட்டும் என்று அப்படியே போட்டார்கள்.

இன்னொரு காரணம் சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் படிக்கும் முனை இங்கும் அங்கும் ஓட நேரமாகும். அதனால் ஒரே பொருளின் தரவை, அது வரும் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்திலேயே பிரதி எடுத்து வைத்தார்கள். பிஎஸ்4-இன் 'ஸ்பைடர்மேன்' கேமில் தெருவோரத் தபால்பெட்டி போன்ற சில பொருள்கள் 400 முறை வரை பதிவாகியிருந்ததாக, பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-இல் விளக்கினார். எஸ்எஸ்டியில் இந்தப் பிரதிகள் தேவையே இல்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை. 'ஹெல்டைவர்ஸ் 2' கணினிப் பதிப்பு 150 ஜிபியைத் தாண்டியிருந்தது. 2025 கடைசியில் பிரதிகளை நீக்கியதும் சுமார் 23 ஜிபிக்கு வந்துவிட்டது. ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு லோடிங் படுமோசமாகிவிடும் என்ற பயத்தில்தான் அவ்வளவு நாள் வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது சில விநாடி வித்தியாசம்தான். அந்த 130 ஜிபிக்கான பணம் வாங்கியவர்கள் கையிலிருந்து போனது. விலை பத்து டாலர் ஏறியபோது எழுந்த கூச்சலில் கால்வாசியாவது இதற்கு எழுந்திருந்தால், இன்னும் முன்னதாகவே குறைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பெட்டியில் போட்டிருக்கும் அளவையும் நம்பாதே. முதல் பிஎஸ்5-இல் 825 ஜிபி என்றிருக்கும். கேமுக்குக் கிடைப்பது 667. 150 ஜிபி கேம் நான்கு போட்டால் முடிந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸில் 1 டிபிக்கு 802, சீரீஸ் எஸ்ஸில் 512-க்கு வெறும் 364. மீதியை இயங்குதளமும் அதன் ஒதுக்கீடுகளும் எடுத்துக்கொள்கின்றன.

நீ எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. பிஎஸ்5-இல் கேமின் மேல் நின்று ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தினால், உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் வரி வரும். 'கால் ஆஃப் டூட்டி' மாதிரி கேம்களில் தனியாள் கதை, மல்டிபிளேயர் என்று பகுதி பகுதியாக நீக்கலாம். எக்ஸ்பாக்ஸிலும் இதே வசதி கேம் மெனுவில் இருக்கிறது. கதையை முடித்துவிட்டு நண்பர்களோடு மட்டும் ஆடுகிறவன் கதைப் பகுதியை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. அடுத்து, பதிவான வீடியோக்களைப் பார். 4கே கிளிப்புகள் சத்தமில்லாமல் பல ஜிபி தின்றிருக்கும்.

நீக்கினால் சேவ் (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு) போய்விடுமோ என்றுதான் பலர் எதையும் தொடுவதில்லை. பிஎஸ்5-இல் கேமை நீக்கினாலும் சேவ் தனியாக இருக்கும். ஆனால் பிஎஸ்5 கேம்களின் சேவ் பதிவை யுஎஸ்பியில் எடுக்க முடியாது. கிளவுடில் வைக்க பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும். எக்ஸ்பாக்ஸில் கிளவுட் சேவ் இலவசம். சேவ் பதிவை நீக்கும்போது மட்டும் கவனம்: 'இந்தக் கன்சோலில்' என்பதும் 'எல்லா இடத்திலும்' என்பதும் வெவ்வேறு, இரண்டாவதை அழுத்தினால் கிளவுடில் இருப்பதும் போய்விடும். ஸ்விட்ச்சில் சேவ் எப்போதும் உள் நினைவகத்தில்தான், மெமரி கார்டில் இல்லை.

நீக்க மனமில்லாத கேம்களுக்கு, வீட்டில் கிடக்கும் பழைய யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் போதும். பிஎஸ்5-க்கு 250 ஜிபி முதல் 8 டிபி வரை, யுஎஸ்பி 3.0 வேகம் வேண்டும். பிஎஸ்4 கேம்கள் அதிலிருந்தே ஓடும். பிஎஸ்5 கேம்களை அதில் வைக்கலாம், ஓட்ட முடியாது. ஆட வேண்டும் என்றால் உள்ளே நகர்த்த வேண்டும். எக்ஸ்பாக்ஸிலும் சீரீஸுக்கென்று மேம்படுத்திய கேம்களுக்கு இதே விதிதான். 150 ஜிபியை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நகர்த்த 25 நிமிடம். அதையே 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) இணைப்பில் மறுபடி டவுன்லோட் செய்ய, தடங்கல் இல்லாமல் ஓடினாலும் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். கேபிளை மட்டும் பாதி நகர்வில் பிடுங்கிவிடாதே. ஒன்று டிஸ்க்கில் உள்ள தரவு கெடும், இல்லையென்றால் கன்சோல் அடுத்த முறை சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் எஸ்எஸ்டி வேண்டும் என்றால் கவனமாக வாங்கு. பிஎஸ்5-க்கு வேண்டியது எம்.2 வடிவ என்விஎம்இ, பிசிஐஇ நான்காம் தலைமுறை, நான்கு லேன் (வடிவம், இணைப்பு முறை, தரவுப் பாதைகளின் எண்ணிக்கை). எம்.2 வடிவத்திலேயே சாட்டா என்ற பழைய இணைப்பு வகையும் விற்கிறார்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், வேலை செய்யாது. மூன்றாம் தலைமுறையும் ஆகாது. படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல் என்பது சோனியின் பரிந்துரை. 7,000-க்கு மேல் கூடுதல் பணம் கொடுப்பதில் கேமில் பெரிய பலன் எதுவும் தெரியாது. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) கட்டாயம், ஆனால் உயரம் பார். அகலம் 25 மிமீக்குள், மொத்தத் தடிமன் 11.25 மிமீக்குள், பலகைக்கு மேலே 8 மிமீ, கீழே 2.45 மிமீ, அவ்வளவுதான். கணினிக்கென்று விற்கும் உயரமான ஹீட்சிங்கோடு வந்ததை வாங்கிவிட்டு, மூடி மூடவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

மாட்டும்போது முதலில் கன்சோலின் மென்பொருளை அப்டேட் செய். பிறகு முழுவதுமாக அணை. ரெஸ்ட் மோடில் (அரைத் தூக்க நிலையில்) விடாதே. எல்லா வயரையும் கழற்றி, சூடு ஆறும்வரை காத்திரு. எந்தப் பக்கத்து மூடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், உன் மாடல் எண்ணுக்கான சோனியின் படத்தைப் பார்த்துக்கொள். மூடியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். உள்ளே இருக்கும் சிறு தகட்டுக்குத்தான் கூட்டல் குறி முனையுள்ள முதலாம் எண் ஸ்க்ரூடிரைவர். தகட்டைத் திறந்தால் ஒரு ஸ்க்ரூவும் அதன் கீழே ஒரு சிறு ஸ்பேசரும் (இடைவெளி வளையம்) இருக்கும். பெரும்பாலான எஸ்எஸ்டிகளின் நீளம் 80 மிமீ; ஸ்பேசரை அந்த எண்ணுள்ள குழிக்கு மாற்று. இதை மறந்து ஸ்க்ரூவை மட்டும் முடுக்கினால் பலகை வளைந்து நிற்கும், கன்சோல் அதை அடையாளம் காணாமல் போகலாம். எஸ்எஸ்டியைச் சாய்வாக, வெட்டு பொருந்தும்படி, தங்க நிறக் கம்பிகள் மறையும்வரை செருகி, பிறகு படுக்க வைத்து ஸ்க்ரூவை முடுக்கு. தகட்டை மறுபடி மூடாமல் விடாதே. காற்றோட்டம் அதை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆன் செய்ததும் ஃபார்மட் செய்யச் சொல்லும், முடிந்ததும் அளந்த வேகத்தைக் காட்டும். அந்தத் திரையே வரவில்லை என்றால் பெரும்பாலும் சரியாகச் செருகவில்லை என்றுதான் அர்த்தம்.

எக்ஸ்பாக்ஸில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, பின்னால் கார்டைச் செருகினால் போதும். அந்தச் சுகத்துக்குத்தான் விலை. பல நாள் ஒரே நிறுவனம் விற்ற கார்டு அது; 2023-இல் போட்டி வந்தபிறகுதான் விலை கொஞ்சம் இறங்கியது.

ஸ்விட்ச் 2-ஐயும் விசாரித்திருந்தாய். உள்ளே 256 ஜிபி. கேம் போடுவதற்குப் பழைய மைக்ரோ எஸ்டி உதவாது, எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, கேம் பெட்டியின் அட்டையைப் படி. 'கேம்-கீ கார்டு' என்றிருந்தால் உள்ளே கேம் இல்லை, சாவி மட்டும்தான். முழு கேமையும் டவுன்லோட் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை ஆடும்போதும் கார்டும் செருகியிருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் வாங்கியவனுக்கு இடம் மிச்சம் என்ற பழைய ஆதாயம் இதில் போச்சு. விற்கலாம், கடன் கொடுக்கலாம் என்பது மட்டும் மிச்சம். 'சைபர்பங்க் 2077' 64 ஜிபி கார்ட்ரிட்ஜிலேயே வந்தது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' கேம்-கீ கார்டாக வந்தது. செலவைத் தாங்குவது யார் என்பது பதிப்பாளரின் முடிவு.

விலைப் பக்கம் இன்னும் ஒன்று. வெளியீட்டுக்குச் சில நாள் முன்னதாக ஆடலாம் என்று சொல்லி 100 டாலர் பதிப்பை விற்பார்கள். 'ஸ்டார்ஃபீல்டு' ஐந்து நாள் முன்னதாகத் திறந்தது அப்படித்தான். முதல் நாள் பிழைகளோடு ஆட நீ கூடுதல் பணம் கட்டுகிறாய். திருப்பித் தரும் விதிகளும் ஒன்றல்ல. கணினி கேம்களை விற்கும் ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் வரும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் அந்த உரிமை பொதுவாகப் போய்விடும். ஆகவே தானாக டவுன்லோட் ஆகும் அமைப்பை அணைத்து வை. வாங்கும் பக்கத்தில் கேமின் அளவும் போட்டிருந்தால், விலைக்கு அடுத்தபடியாக அதைப் பார்.

2 டிபி கேட்டாயே, இப்போதைக்கு வாங்காதே. இந்த வாரம் ஸ்டோரேஜ் பட்டியலை அளவு வாரியாக வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் ஐந்து கேமில் கடைசியாக எதை எப்போது ஆடினாய் என்று எழுதி அனுப்பு. மூன்று கேமையாவது நீ மாதாமாதம் திறக்கிறாய் என்றால் 1 டிபி போதுமா, 2 டிபி வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன். இல்லையென்றால் பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடு.

அன்புடன்,
அண்ணன்