சிங்கப்பூரைக் கடைசியில் வையுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோனாபட்டுப் பக்கமெல்லாம் ஆள் சேர்த்து மலேசியா, சிங்கப்பூர், துபாய் என்று அழைத்துப் போகும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

நீங்கள் நல்ல காரியம் செய்கிறீர்கள். தனியாகத் திருச்சிக்குக்கூடப் போகாத பெரியவர்களைக் கைபிடித்து விமானம் ஏற்றி, சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணியையும் பினாங்கு தண்ணீர்மலை முருகனையும் கும்பிட வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து வீட்டில் விடுகிறீர்கள். மாத்திரை, சக்கர நாற்காலி, காலைக் காபி வரைக்கும் யோசிக்கிறீர்கள். அவர்கள் அங்கே வாங்கப் போகும் சாமானைப் பற்றி யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

நம் பக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் சின்ன விஷயமே இல்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன தலைமுறை பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கொண்டுவந்து வீடு கட்டியது. இரண்டாங்கட்டு அறையைத் திறந்தால் இன்றைக்கும் ஜப்பான், ஸ்வீடன் எனாமல் தூக்குகள் அடுக்கடுக்காக இருக்கும். கடல் தாண்டிப் போனவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது இங்கே ஊறிப்போன வழக்கம். பேரனுக்கு, மருமகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று ஒரு சிட்டை எழுதிக்கொண்டுதான் எல்லோரும் வண்டி ஏறுகிறார்கள். அந்தக் காசு வீணாகப் போகாமல் பார்ப்பதும் உங்கள் வேலையில் சேர்த்திதான்.

முதலில் பயண வரிசை. உங்கள் நோட்டீஸ்கள் பலவற்றில் சிங்கப்பூர் முதலில் வருகிறது. அங்கிருந்து பேருந்தில் மலேசியா, கடைசியில் கோலாலம்பூரில் விமானம். இந்த வரிசையில் குழுவில் வரும் ஒவ்வொருவருக்கும் நஷ்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 9 சதவீதம். சுற்றுலாப் பயணி, வரித் திருப்பத் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாமல் வாங்கினால் அந்த வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அவர் சாங்கி விமான நிலையம் வழியாக நாட்டை விட்டுப் போக வேண்டும். மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலம் வழியாகப் பேருந்தில் போகிறவருக்கு அது கிடையாது. லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் 500 வெள்ளிக்கு வாங்கியவர் அதில் 41 வெள்ளி வரியாகக் கட்டியிருக்கிறார். சேவைக் கட்டணம் கழித்தாலும் கணிசமான தொகை திரும்பி வரும். பேருந்தில் ஏற்றிய அன்றே அது போய்விடுகிறது.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மலேசியா முதலில், சிங்கப்பூர் கடைசியில். டிக்கெட் விலையில் வித்தியாசம் வந்தால் அதைச் சொல்லியே வாங்குங்கள். காரணம் சொன்னால் கொடுப்பார்கள். சாங்கிக்கு ஒரு மணி நேரம் முன்கூட்டியே கூட்டிப் போங்கள். பெட்டிக்குள் வைத்து அனுப்பப் போகும் சாமானுக்கு, பெட்டியைக் கவுன்டரில் போடுவதற்கு முன்பே வரித் திருப்ப இயந்திரத்தில் பதிய வேண்டும், அதிகாரி கேட்டால் எடுத்தும் காட்ட வேண்டும். பெட்டி உள்ளே போன பிறகு யாரைக் கேட்டும் பயனில்லை. கடையில் வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே வேலை பார்க்கும் தம்பியோ மருமகனோ இந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்பதால், அவர்கள் பெயரில் ரசீது போட வேண்டாம்.

இந்த வரிசையில் ஒரு கவனம் வேண்டும். மலேசியாவில் வாங்கிய மதுவுக்குச் சிங்கப்பூர் எல்லையில் வரிவிலக்கு இல்லை. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் இல்லை, ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் கணக்கில் காட்ட வேண்டும். மெல்லும் புகையிலை அங்கே தடை செய்யப்பட்ட பொருள். வெற்றிலைப் பெட்டியோடு வரும் ஐயாமார்களுக்கு இதை ஊரிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், விமான நிலைய வரியில்லாக் கடையில் சாமானை வைத்து ஒட்டிக் கொடுக்கும் அந்த முத்திரைப் பை. இதைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. நான் போன குழுவில் ஓர் ஆச்சி, கல்லூரி சேர்ந்த பேத்திக்காக விமான நிலைய வரியில்லாக் கடையில் 200 மில்லி சென்ட் புட்டி வாங்கினார். கடைக்காரப் பெண் அதைக் கண்ணாடி மாதிரி தெரியும் ஒரு பையில், ரசீது வெளியே தெரியும்படி வைத்து ஒட்டிக் கொடுத்தார். சிவப்பு விளிம்பு போட்ட பை. ஆச்சி உட்கார்ந்து, நகத்தால் ஓரத்தைக் கீறிப் பையைப் பிரித்து, புட்டியைக் கைப்பைக்குள் சேலைக்கு நடுவில் செருகி, ரசீதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். புட்டி உடைந்துவிடக் கூடாதே என்ற கவலை. வழிகாட்டி இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தார், எதுவும் சொல்லவில்லை. வழியில் விமானம் மாறிய இடத்தில் மறுபடி சோதனை. 100 மில்லிக்கு மேல் திரவம் என்றால் ஒட்டிய பையில் இருந்தால்தான் விடுவார்கள், இங்கே பையும் பிரித்தாயிற்று. எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். ஊர் வந்து சேரும்வரை ஆச்சி யாரோடும் பேசவில்லை. "வீட்டுக்குப் போகும்வரை பையைப் பிரிக்காதீங்க ஆச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சரி, எதை எங்கே வாங்குவது? வரியில்லாக் கடை என்றால் எல்லாம் மலிவு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். 1947-இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் முதல் கடை திறந்ததிலிருந்து கணக்கு ஒன்றுதான்: எந்தப் பொருள் மீது வெளியே வரி அதிகமோ, அதில்தான் உள்ளே லாபம். ஆகவே மது, புகையிலைப் பொருள்களில் வித்தியாசம் தெரியும், சென்ட், முகப்பூச்சு வகைகளில் ஓரளவு தெரியும். சாக்லேட்டில் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் விமான நிலைய வாடகையும் விலைக்குள்தான் இருக்கிறது. அதே சாக்லேட்டை ஊருக்குள் சாதாரண பேரங்காடியில் வாங்கலாம். உங்கள் பேருந்து நேராகப் போய் நிற்கும் சாக்லேட் கடைகள் அதைவிட விலை கூடியவை. கமிஷன் உங்களுக்கு வருமானம் என்பது புரிகிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பேரங்காடிக்குக் கொடுத்துவிட்டுப் பயணக் கட்டணத்தில் கூட்டி வாங்குங்கள், அது நேர்மையாக இருக்கும். பினாங்கு வரை போகும் குழுவென்றால் லங்காவியைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். 1987 முதல் அது வரியில்லாத் தீவு. சமையலறைப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற இடம், நம் ஆச்சிமார்கள் அங்கே மகிழ்ந்து போவார்கள்.

மது பாட்டில் வாங்குகிறவர்கள் அதை நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. சென்னை போன்ற விமான நிலையங்களில் வந்து இறங்கிய பிறகும் வரியில்லாக் கடை இருக்கிறது. ஆளுக்கு 2 லிட்டர்தான் வரம்பு, எங்கே வாங்கினாலும்.

வரம்பு என்றதும் ஒன்று. வரியில்லாக் கடையில் வாங்கியது நம் சுங்கத்துறை கணக்கில் வராது என்று பலர் நம்புகிறார்கள். வரும். வெளிநாட்டில் வாங்கிய எல்லாமே ஒரே கணக்குதான். 2016 விதிகளில் ஒருவருக்கு 50,000 ரூபாய் வரை வரியில்லை என்று வைத்தார்கள். இந்தத் தொகை அவ்வப்போது மாறும் என்பதால், குழு கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறை இணையதளத்தைப் பார்த்து அன்றைய வரம்பைச் சொல்லுங்கள். கணவன் மனைவி பங்கைச் சேர்த்து ஒரே விலையுயர்ந்த பொருளுக்குக் காட்டவும் முடியாது.

துபாய்க் குழுவுக்கு நகை. பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்று ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்தச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. ஐந்து நாள் சுற்றிப் பார்க்கப் போனவருக்கு இல்லை. இதைத் தெரியாமல் பேத்தி கல்யாணத்துக்கென்று வளையல் வாங்கி வந்து, சுங்கத்துறை மேஜை முன்னால் ஒரு பெரிய மனுஷி கண் கலங்கி நிற்பதை நீங்கள் பார்க்க வேண்டாம். "ஊரில் ஒருத்தரிடம் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது பொட்டலம் நீட்டினால், தெரிந்த முகமாக இருந்தாலும் வாங்கக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பயணத்துக்கு முந்தின வாரம் எல்லோரையும் கூட்டி வைத்து விசா, உடுப்பு பற்றிப் பேசுகிறீர்களே, அன்றைக்கே இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரிய எழுத்தில் தமிழில் ஒரே ஒரு தாள் அச்சடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக் கொடுங்கள். தாளை எழுதித் தர ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
தேவகோட்டையிலிருந்து ஒரு பயணி