ஒரே பாத்திரம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே சுகம். மருமகனுக்கும் பாப்பாவுக்கும் ஸ்தோத்திரம் சொல்.

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. "பாப்பாவுக்குத் திடப்படுத்தல் வகுப்பு ஆரம்பிச்சாச்சும்மா, முடிஞ்சா அவளும் திருவிருந்து வாங்குவா, கிறிஸ்தவளா வாழுறதுக்கு முக்கியமா எதையெல்லாம் நம்பணும்னு ஒரு பத்து பாயிண்ட் எழுதி அனுப்புங்க" என்றாய். முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் பாயிண்ட் எழுதிப்போட்டே காலம் தள்ளியவள்தான் நான். ஆனால் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தும் பத்து வரவில்லை. வந்த மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், நைட் டூட்டி முடிந்து வந்து தூக்கக் கலக்கத்தில் படிக்காதே.

முதலில் விசுவாசப் பிரமாணம், எதை நம்புகிறோம் என்று கோயிலில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் அறிக்கை. அதைப் பாப்பா தமிழில் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். பொருள் பிறகு வந்து சேரும். நான் திடப்படுத்தலுக்குப் படித்தபோது எங்கள் உபதேசியாரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அப்போஸ்தலர்கள் பேர் ஒன்றுகூட இல்லை, ஆண்டவரைக் கொல்லக் கொடுத்த பொந்தியு பிலாத்து பேரை மட்டும் எதற்கு வாராவாரம் கோயிலில் சொல்கிறோம்? அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "பட்டா வழக்குல எந்தத் தாசில்தார் காலத்துலன்னு கேப்பாங்கல்லா? அது மாதிரிதான், பிள்ள." எனக்கு அன்று பிடிபட்டது. பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் அதிகாரியாக இருந்தவன். 1961-ல் செசரியாவில் அவன் பேர் வெட்டிய கல்கூடக் கிடைத்தது. நாம் நம்புவது எங்கோ ஒரு காலத்தில் நடந்ததாகச் சொல்லும் கதையை இல்லை. ஒரு ஊரில், ஒரு அதிகாரியின் கையெழுத்தில், ஒரு மனுஷரைக் கொன்றார்கள், அவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பதை. இதை நம்பாமல் மற்றதையெல்லாம் நல்ல பழக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கோயில் எதற்கு?

அடுத்தது கிருபை. இதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருக்கிறேன். நீ கேட்காவிட்டாலும் என்றைக்காவது எழுதியிருப்பேன்.

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." எபேசியர் 2:8. ஞாயிறு பள்ளியில் இதற்கு நான் பரிசு வாங்கியிருக்கிறேன், ஒரு எவர்சில்வர் கிண்ணம். வசனம் வாயில் இருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணமாகி சாத்தான்குளம் பக்கம் உன் ஆச்சி வீட்டுக்கு வந்த புதிதில், பின்வாசல் கிணற்றுத் திட்டில் ஒரு அலுமினிய டம்ளர் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கான டம்ளர் அது. என்னைவிட பதினைந்து வயது மூத்தவர். நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அந்த வீட்டில் அதுதான் வழக்கம். காப்பியை உயரத்திலிருந்து அந்த டம்ளரில் ஊற்றுவோம். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அவரும் நம் சபைதான். நம்மைப் போலவே குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர். கோயிலில் கடைசிப் பாயில் உட்காருவார், பாமாலையை நம்மைவிட நன்றாகப் பாடுவார்.

ஒரு முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போய் முழங்காலில் நின்றபோது பக்கத்தில் அவர். வரிசை எப்படியோ மாறிவிட்டது. ஆராதனை நடத்தும் போதகர் ஐயர் பாத்திரத்தை அவர் உதட்டில் வைத்தார், துணியால் விளிம்பைத் துடைத்தார், கொஞ்சம் திருப்பினார், என் உதட்டில் வைத்தார். நான் குடித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சேலை மாற்றிவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். திட்டில் அந்த டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

அன்றைக்கே டம்ளரைத் தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. உன் ஆச்சிக்குப் பயந்து மூன்று மாதம் சும்மா இருந்தேன். பிறகு ஆச்சி ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், வீட்டு டம்ளரில் காப்பி கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வேண்டாம்மா, பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா ஏசுவாங்க" என்று சொல்லி, என் கையிலிருந்த டம்ளரிலிருந்தே தன் அலுமினிய டம்ளரில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். இதுதான் என் புரட்சி. அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தடவைகூட நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

நம் திருச்சபைக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் அதற்கு எவ்வளவு எதிர்ப்பு! இன்னும் தீரவில்லை. உனக்கு வரன் தேடியபோது கொடுத்த விளம்பரத்தில் நம் தென்னிந்தியத் திருச்சபையை சி.எஸ்.ஐ. என்று எழுதி, பக்கத்திலேயே சாதியையும் எழுதியது யார் என்று நினைக்கிறாய்? உன் அப்பா இல்லை, நான்தான்.

இலவசமாகக் கிடைத்ததை வைத்துக்கொண்டு யாரிடம் பெருமை அடிக்க முடியும்? அந்தப் பாத்திரத்தை நான் சம்பாதிக்கவில்லை, அந்த அக்காவும் சம்பாதிக்கவில்லை. எனக்குக் கிருபை என்றால் என்ன என்று ஏதாவது புரிந்திருந்தால் அது இவ்வளவுதான். இந்தக் கதையைப் பாப்பாவிடம் சொல். தன் ஆச்சியாகிய நான் நல்லவள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு அவள் போய் முழங்கால் போட வேண்டாம்.

இதோடு சேர்ந்ததுதான் கர்த்தருடைய ஜெபத்தில் வரும் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல." மொத்த ஜெபத்தில் அந்த ஒரு வரியில்தான் நாம் ஏதோ செய்வதாகச் சொல்கிறோம். உன் பெரியப்பா விஷயம் உனக்கே தெரியும். அந்த விளை நிலம் போனது போகட்டும். கிறிஸ்மஸுக்கு அவருக்கு நீ போன் பண்ணு. பேசவில்லை என்றாலும் பண்ணு.

காணிக்கை. இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நான் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. பனையேறிக் குடும்பங்களில் பொம்பளைகளுக்குக் கையில் காசு கிடையாது. அவர்கள் கையில் இருந்தது அரிசி ஒன்றுதான். அந்த மாதிரிக் கைகளை நம்பித்தான் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, நிஜாம் ராஜ்யத்து தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். 1912-ல் அதே தோர்ணக்கல்லுக்கு பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப். பாப்பா அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு படிக்கிறாளே, இது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். நீ சம்பளத்தில் பத்தில் ஒன்று எடுத்து வைக்கிறாய், சந்தோஷம். பாப்பாவுக்கும் அவள் கையால் கொடுக்க ஏதாவது இருக்கட்டும், சில்லறையாக இருந்தாலும்.

நீங்கள் மெதடிஸ்ட் கோயிலுக்குப் போவதைப் பற்றி உன் சித்தி ஏதோ சொன்னாளாம். கண்டுகொள்ளாதே. 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒன்றாகித்தான் தென்னிந்தியத் திருச்சபையே பிறந்தது. பக்கத்தில் எந்தக் கோயிலோ அங்கே போ. ஆனால் போ. யூடியூப் ஆராதனை காய்ச்சலில் படுத்திருப்பவர்களுக்கு. அதில் பாத்திரம் உதட்டுக்கு வராது, பக்கத்தில் யாரும் முழங்கால் போடவும் மாட்டார்கள்.

இனி, எழுதக் கஷ்டமானது. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த கடைசி வருஷம், ஒரு ஊழியக்காரர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். போகும்போது வாசலில் நின்று என்னிடம், "வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறது, அதுதான் சுகம் தடைபடுகிறது, ஒரு விதை காணிக்கை போடுங்கள்" என்றார். உனக்கு இதை நான் சொன்னதில்லை. அன்று ராத்திரி முழுக்க என்னிடம்தான் குறை என்று அழுதேன். அப்பாவிடம் சொன்னதும் அவர் தானியேல் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். சூளைக்கு முன்னால் நிற்கிற மூன்று பேர் ராஜாவிடம் சொல்கிறார்கள்: எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" நாங்கள் உம்முடைய சிலையைப் பணிய மாட்டோம். அந்த ஒரு சொல்லை இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். "அந்த ஐயா பைபிள்ல இந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு போல" என்று சிரித்தார். அப்பா சிரித்துப் பேசியது அதன்பிறகு அதிகம் இல்லை.

சுகத்துக்காக ஜெபிக்காதே என்று சொல்லவில்லை. நான் இன்றைக்கும் உன் முதுகுவலிக்கு ஜெபிக்கிறேன். ஆனால் தேவனிடம் போட்டால் இவ்வளவு திரும்பி வரும் என்று கணக்குச் சொல்கிற யாரையும் பாப்பா பக்கம் விடாதே. அப்பா சாகும்போது சுகமாகவில்லை, விசுவாசமாக இருந்தார். ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கோயிலுக்குள் சொல்வதற்கும் அங்கே நின்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது, மகளே. தொண்டை அடைத்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

நீ கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாயே, வார்டில் இத்தனை சாவைப் பார்த்தபிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை, இந்த லட்சணத்தில் பாப்பாவுக்கு என்ன சொல்லிக்கொடுக்க என்று. மாற்கு 9-ல் ஒரு தகப்பன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவன், கண்ணீரோடு சொல்கிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அதற்கு ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தார். வார்த்தை வராத அன்றைக்கு அந்த வரியைச் சொல்லிவிட்டுப் படு. அதுவும் முடியாவிட்டால் படு. இங்கே நாலு மணிக்கு நான் எழுந்துவிடுவேன், அந்த நேரத்துக்கு உன் பங்கையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

எதிர்வீட்டுப் பையன் அடுத்த மாதம் லண்டன் வருகிறான். அவனிடம் பாமாலை புத்தகம் ஒன்றும் இரண்டு கிலோ கருப்பட்டியும் கொடுத்தனுப்புகிறேன். கருப்பட்டி ஈரம் படாமல் வை. பாப்பாவை சனிக்கிழமை எனக்கு போன் பண்ணி விசுவாசப் பிரமாணம் ஒப்பிக்கச் சொல். "பொந்தியு பிலாத்து" என்பதில் நாக்கு சுழலும், நான் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா