அவர்கள் நடிக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில் ஒரு வரி, "பெண்ணாக நடித்துப் பதக்கங்களை வாரிச் சென்றவர்களுக்கு இனி இடமில்லை" என்று. நாலு நாளாக அந்த ஒரு வரியால் எனக்கு மனசு சரியில்லை. உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் பெண்கள் பிரிவுக்கு எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையை (கருவில் ஆண் உடம்பாக வளரத் தொடங்கி வைக்கும் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது) கட்டாயமாக்கியது பற்றிய கட்டுரை அது. சோதனை சரியா தவறா என்று எழுதுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. 'நடித்து' என்று எழுத எப்படி மனசு வந்தது?

யார் நடித்தது? நம் பக்கத்து மாவட்டம், புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி நடித்தாரா? செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தவர்களின் மகள், பெண்ணாகப் பிறந்தாள் என்று பெற்றவர்கள் நம்பி, பெண்ணாகவே வளர்த்து, பெண்கள் பந்தயத்திலேயே ஓடி ஓடி 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டு வரைக்கும் போய் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். உயிரை விடப் போய்த் தப்பினார், அப்புறம் அதே செங்கல் சூளையில் கூலிக்கு நின்றார், அதன் பிறகுதான் படித்துப் பயிற்சியாளர் ஆனார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு உங்கள் பத்திரிகை போட்ட தலைப்பு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது, இங்கே திருப்பி எழுதக் கை வரவில்லை. அப்போதே வருத்தப்பட்டு ஒரு கடிதம் போட்டேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை. பரவாயில்லை, இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்தோரு வருஷம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். என்னிடம் ஒரு பிள்ளை ஓடினாள். பேர் வேண்டாம். அவள் அம்மா பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவர், விரலில் எல்லாம் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறித்துக் கை முழுக்கத் தழும்பாக இருக்கும். பிள்ளை நெட்டையாக, ஒல்லியாக, குரல் கொஞ்சம் கட்டையாக இருப்பாள். வெறுங்காலில் கடற்கரை மணலில் ஓடிப் பழகியவளை டிராக்கில் விட்டால் கேட்க வேண்டுமா? மாவட்டப் போட்டியில் 800 மீட்டர் முதலாவதாக வந்தாள். அடுத்த பத்தாவது நிமிஷம் ஒரு பள்ளிக்காரர்கள் வந்து, "இது பொம்பளப் பிள்ளைதானா?" என்று சத்தமாகக் கேட்டார்கள், மைதானமே கேட்கும்படி.

ஈட்டியும் வட்டும் போட்டு வைத்திருந்த அறைக்குள் இரண்டு பெண்கள் அவளைக் கூட்டிப் போனார்கள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. வெளியே அவள் துண்டை வைத்துக்கொண்டு நான் நின்றேன். தடுக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. அவள் வெளியே வந்து, அவிழாத ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், முதல் பரிசும் அவளுக்குத்தான். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், பாலம் வந்தால் எப்போதும் எழுந்து நின்று கடலைப் பார்க்கிற பிள்ளை, அன்றைக்குப் பாலம் முடிகிற வரைக்கும் தலை நிமிரவில்லை. பேச்சு எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வருஷம் பள்ளிக்கே வரவில்லை. இப்போது அவளும் பாசிக்குத்தான் போகிறாள். அவள் உடம்பில் என்ன இருந்தது, ஒன்றும் இல்லையா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் எனக்கு இல்லை.

அந்த மைதானத்தில் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை கிடையாது. நாலு டீச்சர்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைப்போம். அதை எழுத உங்கள் நிருபர் ஒரு வருஷமும் வந்ததில்லை. எங்கள் பிள்ளைகள் மாநில அளவில் கபடியில் ஜெயித்து வந்தால் கட்டை விரல் அளவுக்குச் செய்தி. ராமநாதபுரம் கடற்கரை என்றால் மீனவர் கைதும் தண்ணீர்ப் பஞ்சமும் தவிர உங்களுக்கு வேறு ஒன்றும் தெரிவதில்லையா?

சரி, நியாயத்துக்கு வருகிறேன். நாலாவதாக வந்து அழுத பிள்ளைகளுக்கும் நான்தான் டீச்சர். முதல் தர ஓட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பத்து சதவீத அளவுக்கு இடைவெளி இருக்கிறது, அதனால்தான் பெண்களுக்குத் தனிப் பிரிவே வந்தது. இதே சர்ச்சை சூழ்ந்த 2016 ரியோ ஒலிம்பிக் 800 மீட்டரில் ஆறாவதாக வந்த பிரிட்டன் வீராங்கனை லின்சி ஷார்ப் கண்ணீர் விட்டதைப் பார்த்தேன். அந்த அழுகையும் உண்மைதான். அதற்கு விதி வேண்டும் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விதிக்குள் வராத உடம்பு வேறு, மோசடி வேறு.

ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பட்டீனோ கதை உங்கள் விளையாட்டு நிருபருக்குத் தெரியாமல் இருக்காது. 1985இல் ஜப்பானின் கோபேயில் எடுத்த சோதனையில் வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்.ஒய். குரோமோசோம் என்று வந்தது. அதுவரை அவருக்கே அது தெரியாது. டெஸ்டோஸ்டிரான் என்ற ஆண் ஹார்மோன் சுரந்தாலும் அவர் உடம்பு அதை ஏற்காது, ஆகவே ஓட்டத்தில் அதனால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. விஷயம் பத்திரிகைக்குக் கசிந்து, சாதனைகளும் உதவித்தொகையும் போய், மூன்று வருஷம் போராடி 1988இல்தான் மறுபடி ஓட அனுமதி வாங்கினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் எட்டுப் பெண்களுக்குச் சோதனையில் அந்த எஸ்.ஆர்.ஒய். மரபணு இருக்கிறது என்று வந்தும் எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள். இப்போதைய விதியிலும் பட்டீனோ மாதிரி உடம்புள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அதைக் கட்டுரை சொல்லவே இல்லை. பச்சைக் குழந்தைகளுக்குக் கத்தி வைத்து ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கக் கூடாது என்று 2019இல் தீர்ப்புச் சொன்னது நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான். இந்தப் பிறப்புக்கு நம் மண்ணில் சட்டம் கொடுத்த மரியாதையை நீங்களும் கொடுக்கக் கூடாதா?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 'நடித்து' என்ற சொல்லுக்கு வருந்துவதாக அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். ஆண், பெண் என்ற வழக்கமான வகைக்குள் முழுக்க அடங்காத உடம்போடு பிறந்தவர்களுக்கு ஊடுபால் என்று தமிழில் மரியாதையான சொல் இருக்கிறது, அதை எழுதுங்கள். கட்டுரைக்கு மேலே அந்தப் பெண்களின் தோளையும் மார்பையும் வட்டம் போட்டுக் காட்டிய படத்தை இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். என்னை வைத்து அந்தப் பிள்ளை யார் என்று எங்கள் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
ராமநாதபுரம் மாவட்டம்