ஒரு பாக்கெட் ஸ்ட்ரிப்புக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

உடல் திசுவை ஒட்ட, ஒளி பட்டதும் இறுகும்படி நாங்கள் செய்துவரும் பசை தேறிவிட்டது. போன வாரங்களில் அதன் மேற்பரப்பு இறுகாமல் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பல் சிகிச்சைப் பிரிவில் உதவியாளராக இருக்கும் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விளக்கு இரவல் கேட்கத்தான் போனோம். மாதிரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல பிசுபிசுன்னு இருக்கே, எதப் போட்டு மூடுறீங்க?" என்றார்கள். சிலிக்கோன் தாள் என்றோம். சிரித்துவிட்டு, முன்பல் அடைக்கும்போது வைக்கிற கண்ணாடி போன்ற பாலியெஸ்டர் ஸ்ட்ரிப் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்கள்.

கோளாறு அந்தத் தாளில்தான் இருந்தது. பசை ஒட்டாது என்பதால் சிலிக்கோனை எடுக்கத் தோன்றும். ஆனால் ஆக்சிஜன் அதன் வழியே தாராளமாகப் புகும். ஒளித்தூண்டி (ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் பொருள்) உடைந்து உண்டாகும் ரேடிக்கல்கள் என்ற துடிப்பான துணுக்குகளை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டால், பசையை இறுக்கும் மூலக்கூறுச் சங்கிலி நீளாது. உள்ளே கெட்டியாகும், மேலே மெல்லிய கூழ் நிற்கும். அந்தக் கூழிலிருந்து, இறுகாமல் மிஞ்சிய மூலப்பொருளான அக்ரிலேட் கசிந்தால் செல்கள் சாகும். மருத்துவப் பொருள் செல்லுக்கு நச்சா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 10993-5 சோதனையில் பிழைத்த செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போனாலே நச்சு என்று கணக்கு.

பிசுபிசுப்பைக் கண்டதும் கை ஒளித்தூண்டி பாட்டிலைத்தான் தேடும். அளவைக் கூட்டினால் மேலடுக்கே ஒளியை விழுங்கிவிடும்; திசுவைத் தொடும் அடிப்பக்கம் இறுகாது. அடி இறுகாத பசை எதை ஒட்டும்? மிஞ்சிய தூண்டியும் செல்லுக்கு ஆகாது.

ஸ்ட்ரிப்பின் தடிமன் சுமார் 0.05 மி.மீ. நம் விளக்கின் 405 நானோமீட்டர் ஒளியை விடும், ஆக்சிஜனை அவ்வளவாக விடாது. ஒரு ஓரத்திலிருந்து மெல்லப் படியவைக்க வேண்டும். அடியில் குமிழி சிக்கினால் அந்த இடம் மட்டும் பிசுபிசுக்கும். உரிக்கும்போது மேலே தூக்காமல் பின்னால் மடித்து இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பசையும் கூடவே வந்துவிடும். பல்லில் கிளிசரின் ஜெல் பூசியும் காற்றை மறைப்பார்கள். ஜெலட்டின் மெத்தாக்ரிலேட் மாதிரி நீர் கலந்த பசைகளில் அது கலந்துவிடும் என்பதால் அந்த வழி சரிப்படாது.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஒளிமானி தந்தவருக்கு நன்றி: சதுர செ.மீ.க்கு 10 மில்லிவாட், 60 வினாடி, ஆக 600 மில்லிஜூல் என்ற கணக்குக்கு விளக்கின் பெட்டியில் அச்சடித்த எண் உதவாது, பசை இருக்கும் தூரத்தில் அளந்த எண்தான் வேண்டும். "ரத்தத்த ஒத்தி எடுக்காம லைட் அடிக்காதீங்க" என்ற அறுவை மருத்துவருக்கு நன்றி; ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் பக்கம்தான் ஒளியை அதிகம் உறிஞ்சும், நம் விளக்கு அதன் வாசலிலேயே நிற்கிறது. பசை எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்று பார்க்க 37 டிகிரியில் வைத்திருந்த மாதிரிகளுக்கு, விடுமுறையிலும் வந்து பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) மாற்றிய தம்பிகளுக்கும் நன்றி. மாற்றாமல் விட்டிருந்தால் சிதைவில் வரும் அமிலம் தேங்கி, பசை உள்ளதைவிட வேகமாகக் கரைவதாகக் காட்டியிருக்கும்.

செய்முறைத் தாளில் "மூடவும்" என்று ஒற்றைச் சொல்லாக இருந்த வரியில் இனி மூடும் பொருளின் பெயரும் தடிமனும் இருக்கும்.

பாக்கெட்டில் நாலைந்துதான் மிச்சம், அக்கா. புதுசு வாங்கிக்கொண்டு வருகிறோம்.