அத்தை, மருமகளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தேன். கர்ப்பிணிக்கு ஈறில் ரத்தம் வந்தால் குழந்தை குறைமாதத்தில் பிறக்குமாம். நீங்களோ, மாசமாக இருக்கிறவள் பல்லில் கை வைக்கவே கூடாது என்கிறீர்கள். பாவம், உங்கள் மருமகள் எதற்கென்று பயப்படுவாள்?

செய்தி முழுப் பொய்யில்லை. 1996-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆஃபன்பேக்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 124 தாய்மார்களின் வாயைப் பரிசோதித்தார்கள். ஈறு நோய் முற்றியவர்களுக்கு, குறைமாதத்தில் எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் இருப்பதாகக் கணக்கு வந்தது. ஈறில் வளரும் கிருமிகள் ரத்தம் வழியாக நஞ்சுக்கொடி வரைக்கும் போகலாம் என்றும் பிறகு தெரிந்தது. அப்புறம் என்ன, ஈறைச் சரிசெய்தால் குறைப்பிரசவத்தைத் தடுத்துவிடலாம் என்று டாக்டர்களே நம்பினார்கள்.

2006-இல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஒரு ஆய்வில், ஈறு நோயுள்ள 823 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு 21 வாரத்துக்குள் பல்லின் வேர்வரை சுத்தம் செய்தார்கள். மறு பாதிக்குப் பிரசவத்துக்குப் பிறகு. குறைப்பிரசவம் முதல் பாதியில் 12.0 சதவீதம், மற்றதில் 12.8. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். புகை, சர்க்கரை நோய், வறுமை இவையெல்லாம் ஈறையும் கெடுக்கும், பிரசவத்தையும் பாதிக்கும். இரண்டும் சேர்ந்தே தென்பட அது ஒரு காரணமாக இருக்கலாம். மலாவி நாட்டில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் சேர்த்த சூயிங்கம் மென்ற பெண்களிடம் குறைப்பிரசவம் 16.5-லிருந்து 12.6 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்காக இப்போதே கடைக்கு ஓடாதீர்கள், ஒரு ஆய்வு போதாது.

உங்களுக்கு நான் காட்ட நினைப்பது அந்த 2006 ஆய்வின் மறுபக்கத்தை. சுத்தம் செய்ததால் தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதல் வரவில்லை. ஈறு மட்டும் நன்றாக ஆறியது.

போன வாரம் வந்தபோது அவள் வாயைப் பார்த்தேன். கீழ்வரிசை முன்பற்களுக்கு உள்பக்கம் மஞ்சளாகக் காரை படிந்திருக்கிறது. பல்லிடுக்கில் ஈறு சிவந்து உப்பி, தொட்டாலே கசிகிறது. கர்ப்பத்தில் ஹார்மோன் ஏறும்போது கொஞ்சம் அழுக்குக்கே ஈறு இப்படி வீங்கும். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து பல் தேய்ப்பதையே குறைத்துவிட்டாள், அதனால் இன்னும் அதிகமாகிறது. மென்மையான பிரஷ்ஷால் தினம் இரண்டு வேளை தேய்க்கச் சொல்லுங்கள். வாந்தி எடுத்ததும் தேய்க்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளிக்கட்டும்.

இது ஐந்தாம் மாதம், நல்ல சமயம். வயிறு பெரிதானால் நாற்காலியில் மல்லாந்து கிடப்பது கஷ்டம். வளைகாப்புக்கு முன்னாலேயே கிளீனிங்கை முடித்துவிடலாம். மரத்துப்போகும் ஊசி தேவைப்பட்டாலும் பயமில்லை. ஸ்கேன் ஃபைலையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். அப்படி வரும்போது உங்கள் கடைவாய்ப் பல்லையும் பார்த்துவிடுவோம், அதற்கு மசக்கை என்று சாக்குச் சொல்ல முடியாது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்