நாலு கால் முளைத்த செவ்வாய் எந்திரம்: அட்டைப்பட செட் பற்றிய புகார்

அனுப்புநர்: அட்டைப்பட செட் வாங்கிய வாடிக்கையாளர், கோயம்புத்தூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ‘அசல்’ என்று விற்ற அட்டைப் படங்களில் செய்த மாற்றங்கள், பணத்தைத் திருப்பித் தருவது

ஐயா / அம்மையீர்,

பழைய அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகைகளின் அட்டைப் படங்கள் பன்னிரண்டு கொண்ட செட்டைப் போன மாதம் உங்களிடம் ரூ. 3,480 கொடுத்து வாங்கினேன். ‘அசல் அட்டைகளிலிருந்து ஸ்கேன் செய்தது, அசல் விகிதம், எந்தத் திருத்தமும் இல்லை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். ஸ்கேன் செய்தது உண்மையாக இருக்கலாம். மற்ற இரண்டும் இல்லை. 31 வருடம் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏதோ கலர் பிடிக்காமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

பேக்கிங்கில் குறை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டியூப் நசுங்காமல் வந்தது. தாளும் நல்ல கனமான மேட் தாள்.

முதலில் 1926 ஏப்ரல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் தொடங்கிய பத்திரிகையின் முதல் இதழ். அறிவியல் புனைகதைக்கு மட்டுமே என்று ஆங்கிலத்தில் முதலில் வந்த பத்திரிகை அது. ஃபிராங்க் ஆர். பால் வரைந்த அட்டை. மஞ்சள் வானத்தில் வளையத்தோடு பெரிய சனி கிரகம், கீழே பனிமேல் சறுக்கி விளையாடும் மனிதர்கள். ஜூல்ஸ் வெர்னின் வால்நட்சத்திரக் கதைக்கான படம். தலைப்பு எழுத்தும் வால்நட்சத்திரம் போலத்தான் இருக்கும். இடப்பக்கம் பெரிய ‘ஏ’, அப்புறம் வால் மெலிவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகச் சிறுத்துக்கொண்டே போகும். நீங்கள் அனுப்பியதில் வாலின் நுனியைக் காணோம். கடைசி ‘ஜி’ பாதியில் நிற்கிறது.

எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து அமேசிங் ஏறக்குறைய எட்டரைக்குப் பதினொன்றே முக்கால் அங்குலம். நீங்கள் அடித்திருப்பது 12க்கு 18 தாள். உயரம் 18 வரும்படி பெரிதாக்கினால் அகலம் 13 அங்குலம் வந்து நிற்கும். தாளில் இருப்பது 12தான். மேலும் கீழும் கொஞ்சம் வெள்ளை விட்டிருந்தால் முழுப் படமும் அடங்கியிருக்கும். அச்சகத்தில் நேற்று சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். நீங்கள் ஓர் அங்குலத்தை வெட்டிவிட்டு அதற்கு ‘அசல் விகிதம்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

சரி, இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 1927 ஆகஸ்ட் இதழ்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. செவ்வாய்க்காரர்கள் மூன்று கால் எந்திரங்களில் வந்து பூமியைத் தாக்கும் எச்.ஜி. வெல்ஸின் கதைக்கு அதே ஃபிராங்க் பால் வரைந்த அட்டை. படத்தை மேசைமேல் விரித்ததும் பேத்திதான் முதலில் பார்த்தாள். “தாத்தா, மூணு கால் எந்திரம்னு சொன்னீங்க, இதுக்கு நாலு இருக்கே?” மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தேன். நாலுதான். புகைக்கு நடுவில் முழங்காலோடு ஒரு கால் புதிதாக முளைத்திருக்கிறது.

லூப், அதாவது அச்சைச் சோதிக்கும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அச்சடித்த அட்டையை ஸ்கேன் செய்தால், அந்தப் பழைய அச்சின் ஸ்கிரீன் புள்ளிகள், அதாவது படத்தை உருவாக்கும் பொடி மைப்புள்ளிகள், அடியில் தெரியவேண்டும். இதில் உங்கள் மெஷினின் புள்ளிகள் மட்டும்தான் இருக்கின்றன. படம் முழுக்க வெண்ணெய் தடவினாற்போல் வழவழப்பு. படத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று ஏதோ செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறீர்கள், வேறு வழியில்லை. பால் கட்டடக்கலை படித்தவர். எந்திரம் வரைந்தால் ஆணியைக் கழற்றி மாட்டலாம் போலிருக்கும், மனிதர்கள் மட்டும் மரப்பாச்சிபோல் விறைத்து நிற்பார்கள். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். உங்கள் படத்தில் ஆட்கள் சினிமா கதாநாயகர்கள்போல் இருக்கிறார்கள், எந்திரம் கொழகொழவென்று கிடக்கிறது.

அடிக்குறிப்புகளும் தப்பு. 1928 ஆகஸ்ட் அட்டையில் முதுகில் கருவி கட்டிக்கொண்டு பறப்பவரை ‘பக் ராஜர்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அது இ.இ. ஸ்மித்தின் ‘ஸ்கைலார்க்’ கதைக்கான படம். ராஜர்ஸ் என்ற கதாநாயகன் முதலில் வந்த கதை அதே இதழின் உள்ளே இருப்பதால் பலருக்கும் வருகிற குழப்பம்தான், ஆனால் விற்கிறவர்களுக்கு வரக்கூடாது. அந்தக் கதையில் அவர் பெயர் அந்தோணி ராஜர்ஸ். ‘பக்’ என்ற பெயர் 1929 ஜனவரியில் படக்கதையாக வந்தபோது ஒட்டிக்கொண்டது. அடுத்து, ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற இன்னொரு பத்திரிகையின் 1933 அக்டோபர் அட்டை, வௌவால் முகமூடிப் பெண். அதன் கீழே ‘ஓவியர்: திரு. எம். பிரண்டேஜ்’. அவர் மார்கரெட் பிரண்டேஜ், சிகாகோக்காரப் பெண்மணி. முதல் பெயருக்கு வெறும் ‘எம்’ என்று கையெழுத்துப் போட்டதால் அன்றைய வாசகர்கள் ஆண் என்று நினைத்தார்கள். தொண்ணூறு வருடம் கழித்து நீங்களுமா?

இதையெல்லாம் விவரமாக எழுதி, படமும் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: ‘திரையில் தெரியும் நிறத்துக்கும் அச்சில் வரும் நிறத்துக்கும் சிறு வேறுபாடு இருக்கலாம்.’ நான் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கால்களின் எண்ணிக்கை திரைக்குத் திரை மாறாது.

அமேசிங் தொடங்கி நூறு வருடம் ஆவதை ஒட்டி எங்கள் பகுதி நூலகத்தில் மாட்டலாம் என்றுதான் இந்த செட்டை வாங்கினேன். இதை மாட்டினால் பார்க்கிற பிள்ளைகள் இதுதான் பாலின் கை என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் டியூபிலேயே சுருட்டி வைத்திருக்கிறேன்.

முழுத்தொகை ரூ. 3,480 என் கணக்குக்குத் திரும்ப வரவேண்டும். செட்டை உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்திலிருந்து ‘அசல்’, ‘திருத்தமில்லை’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, அந்த இரண்டு அடிக்குறிப்புகளையும் மாற்றுங்கள். 15 நாளுக்குள் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். பில், படங்கள், உங்கள் பதில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இன்னொன்று. மென்பொருளில் போடுவதற்கு முன் எடுத்த ஸ்கேன் உங்களிடம் இருந்தால், அதை அப்படியே அடித்துக் கொடுங்கள். பழுப்பு, மூலை மடிப்பு, யாரோ பேனாவால் கிறுக்கியது, முதுகுக் கம்பியின் துரு எல்லாமே இருக்கட்டும். அதே 3,480க்கு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்